பறக்கும் ரயிலில் ஒரு நாள் சென்னை டூர்: 4 பேருக்கு டிக்கெட் செலவே 100 ரூபாய்க்குள்... பிளான் போடுவது எப்படி?

பள்ளிக்கு லீவு விட்டாச்சு. "எங்கேயாவது கூட்டிட்டுப் போங்கப்பா" என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பிச்சாச்சு. ஆனால் மாதக் கடைசி. மால், சினிமா, தீம் பார்க் என்று எதை நினைத்தாலும், 4 பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். அதனாலேயே பல வீடுகளில் அந்த லீவு நாள் டிவி முன்னாடியே முடிந்துவிடுகிறது.

சென்னையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி வரை ஓடும் பறக்கும் ரயில். ஊரின் நடுவே, உயரத்தில், பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே போகும் இந்த ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தான். மெட்ரோவில் அதுவே 10 ரூபாய்.

ஆனால், ரயில் டிக்கெட் மலிவு என்பதாலேயே டூர் மலிவாகிவிடாது. ஸ்டேஷனில் இறங்கிய பிறகு ஆட்டோ பிடித்தால் கணக்கு மொத்தமாக மாறிவிடும். எந்த ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போகலாம், எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும், எந்தக் கிழமையில் எது மூடியிருக்கும்? முழு விவரம் இதோ.

பறக்கும் ரயில் என்பது என்ன?

இதன் அதிகாரப்பூர்வப் பெயர் எம்ஆர்டிஎஸ். தெற்கு ரயில்வே இயக்குகிறது. மெட்ரோ ரயில் வேறு, இது வேறு. டிக்கெட், கட்டணம், நிலையம் எல்லாமே தனி.

- 1995-ல் கடற்கரை முதல் சேப்பாக்கம் வரை முதல் பகுதி தொடங்கியது.
- 1997-ல் திருமயிலை வரை நீண்டது.
- 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி.

கடற்கரை - எழும்பூர் இடையே 4-வது பாதை அமைக்கும் பணிக்காக, 2023 ஆகஸ்ட் இறுதியில் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே இந்தச் சேவை நிறுத்தப்பட்டது. 14 மாதங்களுக்குப் பிறகு, 2024 அக்டோபர் இறுதியில் மீண்டும் ஓடத் தொடங்கியது. "அந்த ரயில்தான் நின்னுபோச்சே" என்று நினைத்துக்கொண்டு இருப்பவர்கள் இனி அதை ஒரு காரணமாக வைக்க வேண்டியதில்லை.

எங்கே ஏறுவது?

தாம்பரம், செங்கல்பட்டு பக்கத்திலிருந்து வருபவர்கள் மின்சார ரயிலில் நேராகக் கடற்கரை நிலையத்துக்கு வரலாம். எழும்பூர், சென்ட்ரல் பக்கம் வருபவர்களும் எழும்பூர் அல்லது பூங்கா நிலையத்தில் மின்சார ரயில் பிடித்தால் கடற்கரைக்கு வந்துவிடலாம். வேளச்சேரி ரயிலும் அதே கடற்கரை நிலையத்திலிருந்துதான் புறப்படுகிறது. வெளியே வந்து மாற வேண்டியதில்லை.

ஒரு சின்ன விஷயம். தாம்பரத்தில் ஏறுபவர்கள் கடற்கரைக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்க வேண்டாம். கவுன்ட்டரில் நேராக "திருமயிலை" என்றே கேட்டு வாங்கலாம்.

வேளச்சேரி, தரமணி, திருவான்மியூர் பக்கம் இருப்பவர்கள் தங்கள் நிலையத்திலேயே ஏறலாம். கீழே உள்ள திட்டம் அவர்களுக்கும் பொருந்தும்.

முதல் விதி: 15 நிமிட நடை

இந்த டூரின் மொத்தச் சூட்சுமமும் இதுதான். ஸ்டேஷனிலிருந்து 15 நிமிடம் நடந்தால் வரும் இடங்களை மட்டும் தேர்வு செய்யுங்கள்.

காரணம் எளிமையானது. 4 பேர், 4 முறை ரயில் ஏறினால், ஆளுக்கு 5 ரூபாய் வீதம் மொத்தம் 80 ரூபாய். ஸ்டேஷனிலிருந்து ஒரே ஒரு முறை ஆட்டோ பிடித்தால், கிட்டத்தட்ட அதே தொகை அங்கேயே போய்விடும். இரண்டு இடத்தில் போக, வர ஆட்டோ என்றால், நாள் முழுக்க ரயிலில் மிச்சம் பிடித்ததெல்லாம் காலி.

உதாரணத்துக்கு, வேளச்சேரியில் உள்ள பெரிய மால் ஸ்டேஷனை ஒட்டி இல்லை. கிண்டி சிறுவர் பூங்காவும் பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இல்லை. இரண்டுமே போகக்கூடிய இடங்கள்தான். ஆனால் இந்த டூரில் சேர்க்க வேண்டாம். அவற்றைப் பஸ்ஸில் போகும் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். மாநகரின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால், அந்த நாளும் பெரிய செலவு வைக்காது.

இரண்டாவது விதி: வெயிலைப் பார்த்து நேரம் போடுங்கள்

சென்னையில் மதியம் 12 முதல் 4 வரை கடற்கரையில் நிற்க முடியாது. அதே நேரத்தில் பெரும்பாலான கோயில்களிலும் நடை சாத்தியிருக்கும். அதனால் காலை கோயில், மதியம் கூரைக்குக் கீழே, மாலை கடற்கரை. இந்த வரிசையை மாற்றினால்தான் பிளான் சொதப்பும்.

காலை 8.30 - 12.00: திருமயிலை

கடற்கரையில் ஏறினால் சுமார் 20 நிமிடத்தில் திருமயிலை. இறங்கி நடந்தால் கபாலீசுவரர் கோயிலும் தெப்பக்குளமும் வரும். கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் பூக்கடை, பாத்திரக்கடை, பொம்மைக்கடை என்று பிள்ளைகளுக்கு வேடிக்கை பார்க்க நிறைய உண்டு. நவராத்திரி சமயத்தில் வடக்கு மாட வீதி முழுக்க கொலு பொம்மைகள்தான். பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவர் ஊர்வலம் நடக்கும் நாளில் கூட்டம் அலைமோதும். சின்னக் குழந்தைகளோடு வருபவர்கள் அன்று தவிர்க்கலாம்.

கோயில் மதியம் 12 மணியளவில் சாத்தப்பட்டு மாலையில்தான் திறக்கும். அதனால் 9 மணிக்கே அங்கே இருப்பது நல்லது. கோயிலுக்குப் போக விருப்பமில்லாதவர்கள் லஸ் சர்ச் சாலையில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவில் உட்காரலாம். அனுமதி இலவசம்.

லஸ் பகுதியில் மெட்ரோ 2-ம் கட்டப் பணிகள் நடந்து வருவதால் பல இடங்களில் தடுப்புகள் இருக்கும். பழைய வழி தெரியும் என்று குறுக்கே புகாமல், நடைபாதைக்கு விட்டிருக்கும் வழியிலேயே போவது பாதுகாப்பு. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளவும்.

மதியச் சாப்பாட்டை இங்கேயே முடித்துவிடலாம். மயிலாப்பூரில் சின்ன மெஸ்களுக்குப் பஞ்சமில்லை. செலவை இன்னும் குறைக்க நினைப்பவர்களுக்கு அம்மா உணவகம் இருக்கிறது. 2013-ல் தொடங்கியபோது வைத்த விலை: ஒரு இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய்.

மதியம் 12.30 - 4.30: கோட்டூர்புரம்

திருமயிலையிலிருந்து மந்தைவெளி, பசுமைவழிச் சாலை தாண்டி அடுத்த நிலையம் கோட்டூர்புரம். இந்த இடத்தில் ஜன்னல் ஓர சீட் கிடைத்தால் விடாதீர்கள். ரயில் அடையாறு ஆற்றைக் கடக்கும்போது உயரத்திலிருந்து ஆறு முழுதாகத் தெரியும்.

ஸ்டேஷனிலிருந்து நடந்தால் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பரில் திறக்கப்பட்டது, 9 தளங்கள். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை. உள்ளே போக கட்டணம் இல்லை, உறுப்பினராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வெளியே அனல் பறக்கும் நேரத்தில் ஏசியில் 3 மணி நேரம் காசு கொடுக்காமல் உட்காரக்கூடிய இடம் சென்னையில் வேறு எங்கே இருக்கிறது?

சிறுவர் பிரிவில் நடுவே பெரிய செயற்கை மரம் ஒன்று இருக்கும். அதைச் சுற்றி உட்கார்ந்து பிள்ளைகள் படப்புத்தகம் படிக்கலாம். பார்வைச் சவால் உள்ளவர்களுக்கு பிரெய்ல் பிரிவு தனியாக உண்டு. சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கவும் தனி இடம் இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அங்கே குவிந்திருப்பதைப் பார்க்கலாம். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தக் காட்சியே ஒரு பாடம். பெரிய பைகளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

புத்தகத்தில் பிள்ளைக்கு மனசு போகவில்லையா? அதே பக்கத்தில் பிர்லா கோளரங்கமும் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மையமும் உள்ளன. இதற்குக் கட்டணம் உண்டு. கோளரங்கத்தில் தமிழ்க் காட்சிக்கும் ஆங்கிலக் காட்சிக்கும் நேரம் தனித்தனி. முதலில் போய் நேரத்தைக் கேட்டு டிக்கெட் வாங்கிவிட்டு, மிச்ச நேரத்தை நூலகத்தில் கழிப்பது புத்திசாலித்தனம்.

மாலை 4.30 - 7.30: திருவல்லிக்கேணி, மெரினா

கோட்டூர்புரத்தில் கடற்கரை நோக்கிப் போகும் ரயிலில் ஏறி திருவல்லிக்கேணியில் இறங்க வேண்டும். ஒரு பக்கம் நடந்தால் பார்த்தசாரதி கோயில். அதன் அருகிலேயே பாரதியார் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. மாலையில் சீக்கிரம் மூடிவிடக்கூடும் என்பதால், பார்க்க விரும்புபவர்கள் கோட்டூர்புரத்திலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புவது நல்லது.

இன்னொரு பக்கம் நடந்தால் மெரினா. காமராஜர் சாலையில் வட்டமாக நிற்கும் கட்டடம்தான் விவேகானந்தர் இல்லம். ஒரு காலத்தில் கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமித்து வைத்த இடம் என்பதால் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே மக்கள் சொல்கிறார்கள். 1897-ல் விவேகானந்தர் இங்கே தங்கினார்.

அதற்கு எதிரே மணலில் மரப்பலகைப் பாதை ஒன்று இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் சக்கர நாற்காலியிலேயே கடலுக்கு அருகே போவதற்காக 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. மணலில் நடக்க முடியாத தாத்தா, பாட்டியைக் கூட்டி வருபவர்களுக்கு இது பெரிய உதவி. பல வருடமாக மெரினாவை ரோட்டில் நின்று மட்டுமே பார்த்த பெரியவர்கள் இங்கே அலை பக்கத்தில் வரை போகலாம்.

மெரினாவில் குளிக்க அனுமதி இல்லை. அமைதியாகத் தெரிந்தாலும் இழுவை அதிகமுள்ள கடல் இது. அலையில் கால் நனைக்கும்போதுகூட பிள்ளைகளைத் தனியே விடக் கூடாது.

வேறு இடம் வேண்டும் என்பவர்களுக்கு

*கோட்டை:* புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றப்பட்ட தேசியக் கொடி இங்கே பாதுகாக்கப்படுகிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. தலைமைச் செயலகம் உள்ள வளாகம் என்பதால் அடையாள அட்டை கையில் இருப்பது நல்லது.

*சேப்பாக்கம்:* கிரிக்கெட் மைதானம் ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது. அண்ணா, எம்ஜிஆர், கருணாநிதி, ஜெயலலிதா நினைவிடங்களுக்கு நடந்து போகலாம். மேட்ச் நடக்கும் நாளில் மட்டும் இந்தப் பக்கம் வேண்டாம். ரயிலில் காலை வைக்க இடம் இருக்காது.

*கலங்கரை விளக்கம்:* ஸ்டேஷன் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். விளக்கு ஸ்டேஷன் வாசலில் இல்லை. கடற்கரை நோக்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். மேலே போக லிஃப்ட் உண்டு. மதியம் இடைவேளை விடுவார்கள். திங்கட்கிழமை விடுமுறை.

*பெருங்குடி - வேளச்சேரி:* இறங்கவே வேண்டாம். ரயிலிலிருந்தே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைப் பார்க்கலாம். 2022-ல் ராம்சார் அங்கீகாரம் பெற்ற இடம். குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும்.

டிக்கெட்டில் கவனிக்க வேண்டியவை

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

- வழியில் இறங்கி ஊர் சுற்றிவிட்டு, அதே டிக்கெட்டில் மறுபடி ஏற முடியாது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் அந்த டிக்கெட் முடிந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் புது டிக்கெட்.
- அதனால் காலையிலேயே ரிட்டர்ன் டிக்கெட் எடுப்பதில் பயனில்லை. இந்தத் திட்டத்தில் 4 தனித்தனிப் பயணங்கள்.
- டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் ஒருவருக்குக் குறைந்தபட்சம் 250 ரூபாய் அபராதம், அதோடு பயணக் கட்டணமும். அப்பா, அம்மா இருவருக்கு மட்டுமே 500 ரூபாய் தாண்டிவிடும். 4 பேரின் நாள் முழுக்க டிக்கெட் செலவைவிட 6 மடங்கு.
- 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம்.
- கவுன்ட்டர், தானியங்கி இயந்திரம், ரயில்வேயின் ரயில்ஒன் செயலி ஆகியவற்றில் டிக்கெட் எடுக்கலாம். செயலியில் எடுப்பவர்கள் ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். உள்ளே வந்துவிட்டால், அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்துதான் எடுக்க முடியும்.

மொத்த பட்ஜெட் எவ்வளவு?

2 பெரியவர்கள், 2 பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு:

- ரயில் (4 பயணங்கள்): 80 ரூபாய். ஒரு பயணத்துக்கு 10 ரூபாய் கேட்டாலும் 100-ஐத் தாண்டாது
- டிபன், மதியச் சாப்பாடு, மாலைச் சுண்டல்: 600 ரூபாய்
- நுழைவுக் கட்டணத்துக்கு ஒதுக்கி வைப்பது: 250 ரூபாய்
- அவசரத்துக்கு: 150 ரூபாய்

மொத்தம் 1,100 ரூபாய். இதில் ரயில் செலவு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் ரயில் இல்லை, சாப்பாடுதான். மதியத்துக்கு எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும். நூலகத்தோடு நிறுத்திக்கொண்டால் நுழைவுக் கட்டணமும் மிச்சம். அப்போது 600 ரூபாய்க்குள் நாள் முடிந்துவிடும். வீட்டிலிருந்து கடற்கரை நிலையம் வரை வந்து போகும் செலவு மட்டும் தனி.

இதில் சிக்கலே இல்லையா?

இருக்கிறது. போவதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது.

*படிக்கட்டு:* பறக்கும் ரயில் நிலையங்கள் உயரமானவை. லிஃப்ட், எஸ்கலேட்டர் எல்லா நேரமும் ஓடும் என்று நம்பிப் போக முடியாது. முட்டி வலி உள்ள பெரியவர்களோ கர்ப்பிணிகளோ உடன் வந்தால் 3 இடம் வேண்டாம். கோட்டூர்புரம், மெரினா என்று 2 இடத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

*இரவு நேரம்:* சில நிலையங்கள் பெரிய கட்டடங்கள். ஆள் நடமாட்டம் குறைவு. பிள்ளைகளோடு வருபவர்களும் தனியாக வரும் பெண்களும் இரவு 8 மணிக்குள் திரும்பும் ரயிலில் ஏறிவிடுவது நல்லது. காலியான பெட்டியில் ஏற வேண்டாம். மகளிர் பெட்டி தனியாக உண்டு. பிரச்சினை என்றால் ரயில்வே உதவி எண் 139.

*ஞாயிற்றுக்கிழமை:* ரயில்கள் குறைவு. பராமரிப்புப் பணி இருந்தால் சில சேவைகள் ரத்தாகும். முந்தைய நாளே தெற்கு ரயில்வே அறிவிப்பைப் பார்த்துவிடவும்.

*கட்டணம்:* பறக்கும் ரயிலை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைப்பது பற்றி நீண்ட நாளாகப் பேச்சு நடந்து வருகிறது. அது நடந்தால் வசதிகளும் மாறலாம், கட்டணமும் மாறலாம்.

கிளம்பும் முன் ஒரு செக்லிஸ்ட்

- போகும் இடம் அன்றைக்குத் திறந்திருக்கிறதா? (திங்கள் கலங்கரை விளக்கம் இல்லை, வெள்ளி கோட்டை அருங்காட்சியகம் இல்லை)
- சேப்பாக்கத்தில் மேட்ச் இருக்கிறதா?
- தண்ணீர், தொப்பி, குடை
- 5, 10 ரூபாய்ச் சில்லறை
- பிள்ளையின் சட்டைப் பையில் அப்பா, அம்மா போன் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு

கடைசியாக ஒன்று. ஒரே நாளில் எல்லா ஸ்டேஷனிலும் இறங்கிப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். டிக்கெட் 5 ரூபாய்தான். விட்டுப்போனதை அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம்.